தம்பி பேசுவதற்கு ஓர் ஆள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாங்கள் ரொறொன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில், உயரமான ஓர் அப்பார்ட்மென்டின் பதினோராவது மாடியில் குடியிருந்தோம். நான், கணவர், அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்த மகள். அந்த ஆண்டு இலை உதிரும் காலத்தில் என் தம்பி எங்கெங்கோ சுற்றி எங்களிடம் வந்து சேர்ந்தான்.

விமான நிலையத்தில் அவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் கல்யாணம் கட்டி வெளிக்கிட்டபோது பள்ளிக்கூடப் பொடியனாக இருந்தவன், கன்னம் ஒட்டிப்போய், என்னைவிட மூத்தவனைப் போல நின்றான். இடையில் ஊரில் இராணுவம் அவனைப் பிடித்துச் சில மாதங்கள் தடுப்புக்காவலில் வைத்திருந்தது என்பது எங்களுக்குத் தெரியும். அதற்குமேல் எதுவும் தெரியாது. அம்மா தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: “அவனிட்டை ஒண்டும் கேளாதை பிள்ளை. நல்லாச் சாப்பாட்டைக் குடுத்துத் தேத்தி எடு.”

சாப்பாடு கொடுத்தேன். சாப்பிட்டான். ஆனால் லிஃப்டில் ஏறமாட்டான். பதினொரு மாடியையும் படியால்தான் ஏறி இறங்குவான். குளிக்கும்போது கதவைப் பூட்டமாட்டான். யாராவது வீட்டுக் கதவைத் தட்டினால், மடியில் இருக்கும் குழந்தையை மெல்ல இறக்கி வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போய்ச் சுவரோடு ஒட்டி நிற்பான். கணவர் மிசிசாகாவில் தான் வேலை செய்த தொழிற்சாலைக்கு அவனையும் கூட்டிப் போனார். முதல் நாளே மதியத்தோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேற்பார்வையாளர் ஏதோ சொல்லப் பின்னால் வந்து தோளில் கை வைத்தாராம். இவன் அப்படியே நிலத்தில் குந்தித் தலையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டானாம்.

“கொஞ்சம் பொறும். நாள் போகச் சரியா வரும்” என்றார் கணவர். நானும் அப்படித்தான் நம்பினேன்.

பனி கொட்டிக் கிடந்த ஒரு ஞாயிறு மதியம் கட்டடத்தில் தீ மணி அடித்தது. அப்பார்ட்மென்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், யாரோ எதையோ அடுப்பில் கருக்கிவிட்டால் அடிக்கிற மணி அது. நான் கையிலிருந்த வேலையைக்கூட நிறுத்தவில்லை. திரும்பிப் பார்த்தால் வாசல் கதவு திறந்து கிடந்தது. தம்பி இல்லை. அவனுடைய சப்பாத்து வாசலிலேயே இருந்தது.

கட்டடத்துக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்கும் மதிலுக்கும் நடுவில், வெறும் சேர்ட்டோடு பனிக்குள் சுருண்டு கிடந்தவனைக் கணவர்தான் பல மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தார். கூப்பிட்டதற்கு அவன் அசையவில்லை. அவருக்கும் பயந்து கண்களை மூடிக்கொண்டான். கால்விரல்கள் மெழுகுபோல வெளுத்திருந்தன. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களின் நுனியை எடுக்க வேண்டி வந்தது.

அங்கிருந்த இளம் டொக்டர் என்னைத் தனியே அழைத்து, காலைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாகவும், ஆனால் இவர் யாரிடமாவது பேச வேண்டும், அதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். பேசுவதற்குத்தானே நான் இருக்கிறேன் என்று மனதுக்குள் கோபம் வந்தது. என்றாலும் அவர் காட்டிய இடத்துக்குக் கூட்டிப் போனேன்.

அது நகரத்தின் நடுவில் ஓர் உயர்ந்த கட்டடம். காயம்பட்ட காலோடு படியேறித்தான் வந்தான். யன்னல் இல்லாத சின்ன அறை. ஒரு மேசை, அதற்கு அந்தப் பக்கம் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர், கையில் பேனை. கூடாதவர் என்று சொல்லமாட்டேன், குரலைக்கூட உயர்த்தாமல்தான் பேசினார். கதவைச் சாத்திவிட்டு, பெயர் என்ன, தகப்பன் பெயர் என்ன, எந்த ஊர், எப்போது பிடித்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மொழிபெயர்க்க வேறு ஆள் இல்லாததால் நானே மொழிபெயர்த்தேன். பிறகு, அங்கே உங்களுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டார்.

அதை நான் தமிழில் கேட்க வேண்டியிருந்தது. “தம்பி, அங்க உன்னை என்ன செய்தவங்கள் எண்டு கேக்கிறார்.”

அவன் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தான். சேர்ட் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

“ஒண்டும் செய்யேல்லை எண்டு சொல்லுங்கோ அக்கா.”

அடுத்த கேள்விக்கும் அதே பதில்தான். கடைசியில் அவர், ஆயத்தமானதும் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். படியில் இறங்கும்போது தம்பி என்னைப் பார்க்காமலே சொன்னான்: “அந்தக் கதையளை உங்களுக்கு முன்னால வைச்சு நான் என்னெண்டு அக்கா சொல்லுறது?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேசுவதற்கு நான் இருக்கிறேன் என்று நினைத்தேன். நான் இருந்ததால்தான் அவனால் பேச முடியவில்லை.

தமிழிலேயே பேசும் ஆலோசகர் ஒருவர் இருப்பதாக அறிந்தபோது பெரிய நிம்மதியாக இருந்தது. ஊரில் எங்கள் பக்கத்தவர். நல்ல அனுபவசாலி, அன்பானவர். “தம்பி வாரும், ஊரில எவடம்? ஆற்றை மகன், தகப்பன்ரை பேர் என்ன?” என்று கேட்டபடி உள்ளே கூட்டிப் போனார். நான் வெளியே இருந்தேன். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பியின் முகம் இன்னும் கறுத்துப் போயிருந்தது.

“நல்ல மனுசன்தான் அக்கா. ஆனா அவருக்கு அப்பாவைத் தெரியுமாம். நான் வாய் திறக்க முந்தியே தலையை ஆட்டி ஆட்டி என்னைப் பாத்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கயிருந்து ஓடினாக் காணும் எண்டு இருந்தது.”

ஒருவர் பரிவோடு தலையை ஆட்டியதில் என்ன பயம் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த கிழமை தமிழ்க் கடையில் தெரிந்த அன்ரி ஒருவர் என் காதுக்குள் குனிந்தார். “உம்மட தம்பிக்கு மண்டையில ஏதோ பிசகாமே? அங்க கொண்டுபோறீராம்.” காத்திருக்கும் இடத்தில் எங்களை யாரோ கண்டிருக்க வேண்டும். எடுத்த சாமான்களைக் கூடையோடு வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். நான் தம்பியிடம் சொல்லவில்லை. ஆனாலும் எப்படியோ அவனுக்கும் தெரியவந்தது. அதற்குப் பிறகு வெளியே போவதை விட்டுவிட்டான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தான்.

ஒரு நாள் காலை, கணவர் வேலைக்கு வெளிக்கிடும்போது, தம்பி தான் கொண்டுவந்த கொஞ்ச உடுப்பையும் மணிக்கூட்டையும் ஒரு பையில் ஒழுங்காக அடுக்கி அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தான்.

“அத்தான், இதை ஊருக்கு அனுப்பிவிடுங்கோ. ஆருக்கும் உதவும். எனக்கு இனித் தேவைப்படாது.”

அவன் என்ன சொல்கிறான் என்பது எங்கள் இருவருக்கும் விளங்கியது. நாள் போகச் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர், சப்பாத்தைப் போட்டபடியே வாசலிலேயே குந்தியிருந்து அழுதார். அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை. அவன் பக்கத்திலேயே இருந்தார். நான் தொலைபேசியை எடுத்தேன்.

இந்தத் தடவை நான் வேறு மாதிரிப் பேசினேன். உடனடியாக வேண்டும், உயிர் ஆபத்து என்றேன். அறை தரைத்தளத்தில் இருக்க வேண்டும், யன்னல் வேண்டும், மொழிபெயர்ப்பவர் தமிழ் தெரிந்தவராக, ஆனால் எங்கள் ஊரவராக இல்லாதவராக இருக்க வேண்டும் என்றேன். ஓர் இடத்தில், அப்படியெல்லாம் பார்த்துத் தர முடியாது என்றார்கள். இன்னோர் இடத்தில் மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். கடைசியாகத் தொலைபேசியில் கிடைத்த ஆலோசகப் பெண் ஒருவர் மட்டும் ஏன் என்றுகூடக் கேட்காமல், இன்றைக்கு அவரைத் தனியே விடாதீர்கள், நாளைக்குப் பின்னேரம் கூட்டி வாருங்கள், மற்றதை நான் பார்க்கிறேன் என்றார்.

மில்லிக்கனில், ஒரு சின்ன பிளாசாவில் சலவைக் கடைக்குப் பக்கத்தில் இருந்தது அவருடைய இடம். நரைத்த தலை, கம்பளிச் சட்டை. நாங்கள் உள்ளே போனதும் அவர் முதலில் கேட்டது பெயரை அல்ல. உங்களுக்கு எங்கே இருக்க விருப்பம், கதவு திறந்திருக்க வேண்டுமா, சாத்த வேண்டுமா என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். பிறகு ஒரு கதிரையைத் தானே தூக்கி வாசலுக்குப் பக்கத்தில் வைத்து அதில் இருந்தான். கதவு திறந்தே இருந்தது. மற்ற வேலையாட்கள் எல்லோரும் போய்விட்ட நேரம் அது.

மொழிபெயர்க்க வந்தவர் மதுரைப் பக்கத்துப் பெண். கணவரின் வேலைக்காகக் கனடா வந்தவர். அவருடைய தமிழ் எங்களுக்கு ஒரு மாதிரி, எங்களுடைய தமிழ் அவருக்கு ஒரு மாதிரி. இது எங்கே சரிவரப் போகிறது என்று நினைத்தபடி, அறைக்கு வெளியே, நடையில் தள்ளிக் கிடந்த மர வாங்கில் போய் இருந்தேன்.

முதல் சில தடவைகள் உள்ளே பேச்சே இல்லை. சும்மா இருந்துவிட்டு வருவான். ஆனால் அடுத்த கிழமையும் வந்தான். பனி உருகத் தொடங்கிய ஒரு நாள் அவன் குரல் கேட்டது. ஏதோ சொன்னான். மொழிபெயர்க்கும் பெண் இடைமறித்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. தலையாட்டின்னா என்னங்க? எங்க பக்கம் அந்த வார்த்தை கிடையாது.”

பிறகு அவன் ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதுபோல மெல்லச் சொன்னான்.

“தலையாட்டி எண்டா... ஒருத்தனைச் சாக்காலை மூடி இருத்தியிருப்பாங்கள். கண்ணுக்கு மட்டும் ஓட்டை இருக்கும். எங்களை வரிசையில அவனுக்கு முன்னால கொண்டுபோவாங்கள். அவன் தலையை ஆட்டினா, அந்த ஆளைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்.”

“அது யாருன்னு தெரியாதா?”

“எனக்குத் தெரியும். அந்தக் கண்ணை எனக்கு நல்லாத் தெரியும்.”

அன்பாகத் தலையாட்டிய அந்த ஊர்க்காரருக்கு முன்னால் இவன் என்ன பாடுபட்டிருப்பான்! அந்தக் கண் யாருடையது? எங்கள் வீதியில் யாராவதா? சொந்தத்தில் யாராவதா? இன்னும் கொஞ்சம் அப்படியே இருந்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். ஆனால் அவன் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கல்ல. எழுந்து வெளியே போய், கார்கள் நிற்கும் இடத்தில் குளிருக்குள் நின்றேன்.

நீண்ட நேரத்துக்குப் பிறகு மொழிபெயர்த்த பெண் வெளியே வந்தார். கண்கள் சிவந்திருந்தன. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன கேட்கப் போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“என்கிட்ட கேக்காதீங்க அக்கா, நான் சொல்லக் கூடாது. அவர்கிட்டயும் கேக்காதீங்க. பசியோட வருவாரு, சோறு போடுங்க.”

அந்த வருடமும் அடுத்த வருடமும் அவன் அங்கே போய்வந்தான். நடு இரவில் கத்தி எழும்புவது குறைந்தது. ஒரு பேக்கரியில் வேலை கிடைத்தது. ஒரு நாள் அவனாகவே சொன்னான்: “மொழிபெயர்க்கிற அவவுக்கு எங்கட சொல் விளங்காது அக்கா. ஒவ்வொரு சொல்லா விளங்கப்படுத்தினன். விளங்கப்படுத்தேக்க அது எனக்கு நடந்தது மாதிரி இல்லாமல், கொஞ்சம் தள்ளி நிண்டுது.”

பிறகு மொழிபெயர்த்த அந்தப் பெண் கணவரின் வேலை மாறி அமெரிக்கா போய்விட்டார். அவருடைய இடத்துக்கு வேறொருவர் வந்தார். தம்பி ஒரு தடவை போனான். அதோடு நிறுத்திவிட்டான். எவ்வளவு கெஞ்சியும் திரும்பப் போகவில்லை.

அவன் முழுக்கக் குணமாகிவிட்டான் என்று சொல்லமாட்டேன். இன்று ஒஷாவாவில் தனியாக, தரைத்தள வீடொன்றில் இருக்கிறான். கல்யாணம் கட்டவில்லை. ஊர்க் கொண்டாட்டங்களுக்கு வருவதில்லை. சில மாதங்கள் தொலைபேசியையும் எடுக்கமாட்டான். ஆனால் இருக்கிறான்.

அன்றைக்கு நான் வாங்கிலிருந்து எழுந்துபோன பிறகு அவன் சொன்னது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் கூடப்பிறந்தவனின் வேதனை முழுவதும் யாரோ இரண்டு அந்நியப் பெண்களுக்குத்தான் தெரியும் என்பது இப்போதும் சில நாட்களில் எனக்கு வலிக்கிறது, ஆனால் அதைச் சொல்ல அப்படி இரண்டு பேர் அகப்பட்டிராவிட்டால் எனக்கு இன்று தம்பி என்று ஒருவன் இருந்திருக்கமாட்டான்.