வெர்ன் வீட்டு இலை வெர்ன் வீட்டுக்கே

இல்லை, எம்மெட்டுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்களைத்தான் யாராவது வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டும். முப்பது வருஷமாக அவனுக்கு எதிர்வீட்டில் இருக்கிறேன். பிரையர் தெருவில் அவனைப் பற்றிப் பேச யாருக்காவது யோக்கியதை உண்டென்றால் அது எனக்குத்தான்.

எம்மெட் ஆஸ்பத்திரிச் சமையலறையில் நோயாளிகளுக்குக் காலைக் கஞ்சி வைக்கிறவன். ஆறு மணிக்கு அடுப்பு எரிய வேண்டும். அந்த நேரத்தில் பஸ் கிடையாது, கார் ஓட்ட அவனுக்கு எப்போதும் பயம். அதனால் சைக்கிள். குடியிருந்தது அக்கா டோரின் வீட்டு மாடியறையில்.

இங்கே அக்டோபர் கடைசியில் நகராட்சி லாரி வந்து உதிர்ந்த இலைகளை உறிஞ்சிக்கொண்டு போகும். அதற்கு முதல்நாள்தான் இலையைத் தெருவோரம் குவிக்க வேண்டும். வீட்டுக்கு வீடு தாள் கொடுத்துச் சொல்லியிருந்தார்கள். எனக்கு எழுத்து தெரியாது, தாளிலிருந்த படத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டேன். காலேஜ் படித்த வெர்ன் ஹடக்குக்கு விளங்கவில்லை. மூன்று வாரம் முன்னாலேயே முதுகில் காற்றூதி இலை தள்ளுகிற மெஷினைக் கட்டிக்கொண்டு, தன் மேப்பிள் மரத்து இலை அத்தனையையும் சைக்கிள் பாதையில் ஊதித் தள்ளினார். ஒருவர் புல்தரை வாரிவிட்ட தலைபோல இருந்தால் அடுத்தவருக்குத் தூக்கம் வருமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரு முழுக்க ஊதித் தீர்த்தது. டோரினும் ஊதினாள்.

மழையில் ஊறிய மேப்பிள் இலை சோப்பு தேய்த்த தரை மாதிரி. போன வருஷம் அதில் விழுந்து எம்மெட்டுக்குக் காறையெலும்பு முறிந்தது. இரண்டு மாதம் படுக்கை. இன்னொரு தடவை விழுந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று சமையலறை மேனேஜர் சொல்லிவிட்டார். இது தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் ஊதினார்கள்.

அவன் வெர்னிடம் போய்க் கேட்டபோது நான் தபால் எடுக்க வெளியே வந்திருந்தேன்.

"லாரி வர மூணு வாரம் இருக்கு வெர்ன். அதுவரைக்கும் இலைய உங்க புல்லு மேலயே வச்சுக்கலாமே?"

"சுத்திப் போயேன் எம்மெட்."

"சுத்திப் போனா கார் முன்னாடி போய் நிக்கணும்."

"அப்ப எல்லாரையும் போல ஒரு காரு வாங்கு. உன் வயசுல என்ன சைக்கிள் வேண்டிக்கிடக்கு?"

அடுத்த சனிக்கிழமை காலையில் எம்மெட் பனி வாருகிற மண்வெட்டியை எடுத்தான். பதினொரு வீட்டு இலையையும் அந்தந்த வீட்டுப் புல்தரையிலேயே திருப்பிப் போட்டான். ஒருவர் இலையை இன்னொருவர் தரையில் போடவில்லை, அவ்வளவு நேர்மை. டோரினுடையது டோரினுக்கு. என் இலை புல்லிலேயே கிடந்ததால், எனக்குத் தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான்.

மத்தியானம் வெர்ன் தெருக்காரர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு டோரின் வீட்டுப் படியேறினார். யாரோ பிணத்தைக் கொண்டுவந்து போட்டதுபோல முகம். கூப்பிடாமலே நானும் போனேன்.

"உன் தம்பி எங்க வீட்டுல குப்பை கொட்டியிருக்கான், டோரின்."

"உங்க குப்பைதானே வெர்ன்?" என்றேன். "அடையாளம் தெரியலையா?"

டோரின் என் பக்கம் திரும்பவில்லை.

"எம்மெட், ஸாரி சொல்லிட்டு எல்லாத்தையும் எடுத்த எடத்துல போட்டுடு. இவங்க மூஞ்சில நான் தினம் முழிக்கணும்டா."

"அந்தப் பாதையில நான் தினம் போகணும் டோரின்."

"இது என் வீடு. இருக்கணும்னா போடு."

அவன் தோளைத் தடவிக்கொண்டு மாடிக்குப் போனான். கையுறை எடுக்கப் போகிறான் என்று நினைத்து, வெர்ன் மண்வெட்டியைக் கதவோரம் சாய்த்து வைத்தார். என்ன கரிசனம்.

எம்மெட் தோளில் ஒரு பையோடு இறங்கி வந்தான்.

"எங்கடா போற?" என்றாள் டோரின். குரல் இறங்கியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் பின்னால ரூம் விடறாங்க. வேலைக்கு நடந்தே போயிடலாம்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டினான். படியிறங்கி நடைபாதையில் நின்ற வெர்ன் வழிவிட வேண்டியதாயிற்று. டோரின் புல்தரையில் குவிந்த ஈர இலைக்குள் கணுக்கால்வரை புதைய ஒதுங்கி நின்றார்.