ஆயிரத்து இருபத்து நான்கு எழுத்துகள்

கறுப்புத் திரையில் இரண்டே வரிகள். முதல் வரி எச்சரிக்கை: நீ சேமிக்கச் சொன்னது நீளமாக இருக்கிறது, ஆயிரத்து இருபத்து நான்கு எழுத்துகளோடு வெட்டிவிட்டேன். இரண்டாவது வரி வெற்றி: சேமித்தாயிற்று. இரண்டும் ஆங்கிலத்தில், ஒரே அளவு வெள்ளை எழுத்தில் இருந்தன. நான் இரண்டாவது வரியைத்தான் படித்தேன். படித்த கையோடு திரையை மூடிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தொழிற்சாலையின் சோதனைக் கூடத்திலிருந்து வேகமாக வெளியே வந்தேன். முதல் வரி கண்ணிலேயே படவில்லை என்று சொன்னால் அது பொய். பட்டதால்தான் இன்றைக்கும் அது சொல் மாறாமல் ஞாபகத்தில் நிற்கிறது. பார்த்தும் பார்க்காதது போலப் போவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே நன்றாக வரும்.

கெடா மாநிலத்தில், கூலிம் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. நான் சேர்ந்து ஐந்தாவது மாதம். ஆறாவது மாதம் முடியும்போது வேலையை உறுதி செய்வார்கள், இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். வீடு பாடாங் மேஹா பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தது. வேலை கிடைத்த வருடம் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியில் என் பெயரை வாசித்து மாலை வேறு போட்டுவிட்டார்கள். நான் கேட்கவில்லை. அந்த மாலைதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. வேலை போய்விட்டால் மாலை போட்ட அத்தனை பேர் வாசலையும் தாண்டித்தானே வீட்டுக்குப் போக வேண்டும்.

எனக்குக் கொடுத்த வேலை, கேட்பதற்குச் சின்ன வேலை. நாங்கள் எழுதும் நிரல்களை எல்லாம் திரட்டி, சரிபார்த்து, ஓடக்கூடிய ஒரே மென்பொருளாகக் கட்டித் தருவதற்குப் புதிதாக ஒரு பில்ட் டூல் வந்திருந்தது. அதை எல்லாக் கணினிகளிலும் நிறுவ வேண்டும். லினக்ஸ் சர்வரில் ஒரே கட்டளையில் அது இறங்கிவிட்டது. பிறகு ஒரு கோப்பில் இரண்டு வரி சேர்த்தேன். அந்த இரண்டு வரியை நாலு தடவை படித்துவிட்டுத்தான் சேமித்தேன், ஏனென்றால் அந்த சர்வரை நம்பி நாற்பது பேர் இருந்தார்கள். வடிவமைப்புப் பிரிவில் இரண்டு மேக் கணினிகள். அதற்கு முன் நான் மேக்கைத் தொட்டதே இல்லை. கட்டளை அடிக்கும் டெர்மினல் எங்கே இருக்கிறது என்று கேட்க வெட்கப்பட்டு, அந்தக் கணினிக்குச் சொந்தக்காரப் பெண் சாப்பிடப் போகும்வரை காத்திருந்து தேடினேன். அலுவலகத்து விண்டோஸ் கணினிகள் ஒவ்வொன்றிலும் செட்டிங்ஸைத் திறந்து, ‘பாத்’ என்ற பட்டியலில் புதுக் கருவியின் இருப்பிடத்தைக் கையால் சேர்த்தேன். எந்த மென்பொருள் எங்கே இருக்கிறது என்று கணினி பார்த்துக்கொள்ளும் முகவரிப் பட்டியல் அது. எல்லாம் முடிந்து மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, சோதனைக் கூடத்துக் கணினி.

தினமும் காலை ஒன்பது மணிக்கு எங்கள் குழு வட்டமாக நின்று, நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்வோம் என்று ஆளுக்கு ஒரு வரி சொல்ல வேண்டும். அதற்கு நான் மனத்துக்குள் வைத்த பெயர் பெரட்டு. தோட்டத்தில் விடியும் முன்னே ஆள்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்கு அதுதான் பெயர். அம்மா முப்பது வருடம் பெரட்டில் நின்றவர். மண்டோர், அதாவது கங்காணி, கேட்கும்போது தெரியாது, முடியவில்லை, இன்னும் இல்லை என்ற மூன்றும் வாயில் வரக்கூடாது என்பது அவர் கண்ட பாடம். “கேட்டா ஆச்சுங்கன்னு சொல்லிடு. பெறகு ஓடிப்போயி செஞ்சிக்கலாம்” என்பார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் இது பழக்கம். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடத்திற்கும் நான் அப்படித்தான் சொல்லி வந்தேன். அந்தப் புதன்கிழமை மேலாளர் என் பக்கம் திரும்பி, சோதனைக் கூடத்துக் கணினி என்ன ஆயிற்று என்று கேட்டார். வெளிநாட்டிலிருந்து வந்தவர், நல்ல மனிதர்தான், கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. இன்னும் இல்லை என்று சொல்லியிருந்தால் சரி நாளைக்குச் செய் என்றிருப்பார். என் வாய் நேற்றே முடித்துவிட்டேன் என்றது.

சோதனைக் கூடம் ஓர் அண்ணன் பொறுப்பில் இருந்தது. டெக்னிஷியன். குத்தகை நிறுவனம் மூலமாக வந்தவர், வருடத்துக்கு வருடம் கையெழுத்து. கரங்கான் பக்கத்து ஆள், ஐந்தடிதான் இருப்பார், குரல் மட்டும் பெரிது. கூடத்துக்குள் போனால் “வா தங்கச்சி, சாப்டாச்சா” என்று கேட்காமல் விடமாட்டார். அலுவலகத்தில் மற்றவர்கள் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கூப்பிடாமலே இருந்த காலம் அது. வெள்ளிக்கிழமை காலையில் அண்ணன் கணினியை நிறுத்தி, துடைத்து, திரையின் மேல் சட்டத்திலும் பெட்டியின் முன்பக்கத்திலும் திருநீறு மூன்று கோடு இழுத்து, குங்குமம் வைத்து, பிறகுதான் மறுபடி போடுவார். கூடத்து மலாய் சூப்பர்வைசர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போவார். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வியாழன் மாலை, அண்ணன் தேநீருக்குப் போன பத்து நிமிடத்தில் நான் உள்ளே போனேன். முடித்துவிட்டதாகச் சொன்ன வேலையைச் செய்வதை யாரும் பார்த்துவிடக் கூடாது. அலுவலகத்தில் செய்தது போலப் பட்டியலைத் திறந்து கையால் சேர்க்க நேரமில்லை. அதனால் இணையத்தில் பார்த்து வைத்திருந்த, புது முகவரியோடு பட்டியல் முழுவதையும் திரும்பச் சேமிக்கும் ஒரே வரிக் கட்டளையை ஒட்டி, என்டர் தட்டினேன். இரண்டு வரி வந்தது. மற்றதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கெடாவில் வெள்ளியும் சனியும் அலுவலகத்துக்கு விடுமுறை, ஆனால் கூடம் ஓடும். வெள்ளி காலை பத்து மணி இருக்கும், அண்ணன் போனில் கூப்பிட்டார். “தங்கச்சி, மெஷின் எழுந்திரிச்சிச்சு, ஆனா சோதன புரோகிராம காணோம்னு சொல்லுதும்மா. லயினு நின்னு போச்சு. நீ ஏதும் மாத்துனியா?” அவர் குரல் சின்னதாகி நான் கேட்டது அன்றைக்குத்தான். “நான் செவ்வாக்கிழமையே முடிச்சிட்டேன்ணே. அதுக்கப்புறம் ரெண்டு நாளு ஓடுச்சில்ல” என்றேன். எப்படி அவ்வளவு சுத்தமாக வந்தது என்று எனக்கே தெரியவில்லை. “ஆமாவா, அப்ப அது இல்ல” என்று அவரே என்னை விடுவித்துவிட்டார்.

போனை வைத்ததும் என் மடிக்கணினியைத் திறந்து, அதே கட்டளையை வேறொரு பெயருக்குக் கொடுத்து, வேண்டுமென்றே நீளமான பட்டியலைச் சேமிக்கச் சொன்னேன். அதே இரண்டு வரி. ஆயிரத்து இருபத்து நான்கு எழுத்துக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. தபால்காரரின் முகவரிப் புத்தகத்தில் கடைசிப் பக்கங்களைக் கிழித்த மாதிரிதான். சோதனை மென்பொருளின் முகவரி அந்தக் கடைசிப் பக்கத்தில் இருந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருந்தவரை கணினிக்குத் தெரியவில்லை, அண்ணன் நிறுத்திப் போட்டதும் தெரிந்துவிட்டது. அம்மா எட்டிப் பார்த்து, “என்னா முகம் இப்படி இருக்கு” என்றார். பசி என்றேன். சோறு போட்டு வைத்தார், தட்டை அப்படியே மூடி வைத்தேன். வெட்டுப்பட்டதைச் சரிசெய்ய எனக்கு அரைமணி நேரம் போதும். ஆனால் சரிசெய்யப் போனால் எதைச் சரிசெய்கிறேன் என்று சொல்ல வேண்டும். குழுவின் வாட்ஸாப்பில் செய்தி வந்துகொண்டே இருந்தது. மாற்றுக் கணினி வைத்துவிட்டார்கள். பழைய பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே மின்விசிறி மேல் சாம்பல் நிறப் பொடி. அந்தப் படத்தை யாரோ போட்டார்கள். அதைப் பார்த்தபோது, அப்பாடா என்று ஒரு கணம் எனக்குள் ஏதோ இறங்கியது. இதை எழுதும்போது அந்த ஒரு கணத்துக்காகத்தான் அதிகமாகக் கூசுகிறேன்.

சனி முழுக்கச் சொல்லிப் பார்த்தேன், ஆங்கிலத்தில், கண்ணாடி முன்னால் நின்று. ஞாயிறு காலை மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறினேன். என் நாற்காலியில் உட்காரும் முன்பே அவரே வந்து, விசாரணைக்கு அந்த டெக்னிஷியன் வருகிறார், பதற்றமாக இருக்கிறார், உன் மொழிதானே, நீ உட்கார்ந்து மொழிபெயர்த்துக் கொடு என்றார். ஆகட்டும் என்றேன்.

சின்ன அறை. அண்ணன் சீருடையைத் தேய்த்துப் போட்டிருந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. பவுடர் உள்ளே போனது காரணமாக இருக்கக்கூடும், உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னார் மேலாளர். என்னைப் பார்த்தார். நான் அண்ணனிடம், “நீங்க வெச்ச துன்னூறு உள்ள போயித்தான் மெஷின் கெட்டு ரோசாக் ஆயிடுச்சாம்ணே” என்றேன். இருக்கக்கூடும் என்ற வார்த்தை எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். அண்ணன் மேசையைப் பார்த்துக்கொண்டு, “காஞ்சதுதானம்மா வெச்சேன், துளியூண்டு. அது எப்படி உள்ள போவும்” என்றார். பிறகு, “கை தவறி விழுந்திருக்குமோ என்னமோ” என்றார். இதை மட்டும் நான் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். மேலாளர் எழுதிக்கொண்டார்.

அண்ணனின் குத்தகையை அந்த மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். எனக்கு அதற்கு அடுத்த வாரம் கடிதம் வந்தது, நிரந்தரம். அம்மா அதைச் சாமி படத்தடியில் ஒரு வாரம் வைத்திருந்தார். பிறகு நான் ஏறி ஏறி இன்றைக்கு ஒரு குழுவை நடத்தும் இடத்துக்கு வந்துவிட்டேன். என் பெரட்டில் யாருக்கு வேலை முடியவில்லை என்றுதான் முதலில் கேட்பேன். நல்ல மேலாளர் என்று சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன்.

போன மாதம் தஞ்சோங் டாவாய்க்குக் கருவாடு வாங்கப் போயிருந்தேன். படகுத்துறை ஓரத்தில் ஐஸ் கட்டி இறக்கிக்கொண்டிருந்த லாரியிலிருந்து அந்தப் பெரிய குரல் கேட்டது. “தங்கச்சி, சாப்டாச்சா?” திரும்பிப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது, மற்றபடி அதே ஆள். அந்த லாரியைத்தான் எட்டு வருடமாக ஓட்டுகிறாராம். மகள் நர்ஸாம். கதவு திறந்திருந்தது. நம் ஆள் ஓட்டும் லாரி என்றால் முன்கண்ணாடியடியில் ஒரு சாமி படமாவது, ஒரு எலுமிச்சம்பழமாவது இருக்கும். அங்கே ஒன்றுமே இல்லை, துடைத்து விட்டது போல இருந்தது. நான் அங்கேயே பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார்.

“வெக்கறதில்லம்மா. அந்த பெக்டரிக்கு அப்பறம் எதுமேலயும் வெக்கறதில்ல. பயம்லா” என்றார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு இன்னும் கிட்டே வந்தார். “உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் தங்கச்சி. அன்னிக்கி காஞ்சதுன்னு சொன்னேன்ல, அது பொய்யி. தண்ணியில கொழச்சித்தான் வெச்சேன். உள்ள எறங்கியிருக்கும். எத்தன பேரு வேல நின்னு போச்சு. பொண்டாட்டிகிட்டகூட சொல்லல இத.”

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்பது போல நின்றார். அப்போதும் எனக்குப் பயம்தான் முதலில் வந்தது, ஆகட்டும்ணே விடுங்க என்று சொல்லிவிட்டு நடந்துவிடலாம் என்ற பழைய எண்ணம். பிறகு சொன்னேன். செவ்வாய்க்கிழமை முடிக்கவில்லை, வியாழன்தான் செய்தேன், கெடுத்தது நான்தான், திருநீறு இல்லை, வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி முன்னால் ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்தது தமிழில் நாலே வரியில் முடிந்துவிட்டது. ஐஸ் உருகி லாரியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கீழே விழுந்திருந்த ஓர் ஐஸ் துண்டைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

“அன்னிக்கி அந்த மேனேஜரு இருக்கலாம்னு இங்கிலீஷுல சொன்னப்பவே எனக்கு வெளங்கிச்சி. ஆனா நம்பல” என்றார். “நீ தமிழ்ல சொன்ன பெறகுதான் நம்புனேன்.”