கையில் காயமில்லாத ஆண்டவர்

தென்காசியில் யாருடைய முகத்திலாவது அம்மைத் தழும்போ கருவளையமோ இருந்தால் அதற்கு அருளப்பன் பொறுப்பில்லை. அவர் கைக்கு வந்த எந்த முகமும் அப்படித் திரும்பிப் போனதில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஸ்டுடியோ வைத்து இருபத்தெட்டு வருஷமாகிறது. கல்யாணமோ சடங்கோ கண்ணீர் அஞ்சலியோ, எல்லாருக்கும் ஒரே நியாயம்தான்: இரண்டு சுற்று வெளுப்பு, கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு, தோலுக்கு டைல்ஸ் தரை மாதிரி ஒரு மெருகு. எழுபத்தெட்டு வயதில் இறந்துபோன ஒருவரின் அஞ்சலி பேனரைப் பார்த்துவிட்டு, போனது மகன்தான் என்று நினைத்து அப்பனைத் தேற்றப் போனவர்கள் இருக்கிறார்கள். கதவைத் திறந்தவன் மகன். வந்தவர்கள் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, அருளப்பன் இதற்கு ஒரு தத்துவமும் வைத்திருந்தார். பங்குச் சாமியார் ஒரு ஞாயிறு பூசையில், கடவுள் அழகே உருவானவர், நாமெல்லாம் அவர் சாயல் என்று பிரசங்கம் செய்தார். அருளப்பனுக்கு அது தன் தொழிலுக்குக் கிடைத்த லைசென்ஸாகவே பட்டது. மாசு மரு இல்லாததுதான் அழகு. சாயலில் படிந்த அழுக்கைத் துடைக்கிற ஆள் நான். இதைத் தேநீர்க் கடையில் நாலு பேரிடம் சொல்லியும் வைத்தார்.

இவ்வளவு பெரிய கைகாரர், குத்துக்கல்வலசையில் இருக்கிற அவர் வீட்டுச் சுவரில் ஒரு குடும்பப் போட்டோ கிடையாது. காரணம் அவர் மனைவி பிரகாசி.

கல்யாணமாகி மூன்று நாலு வருஷத்தில், ஸ்டுடியோ வருமானம் போதாமல், சாரல் சீசனுக்கு ஐந்தருவி பக்கம் இருவரும் சிப்ஸ் கடை போட்டிருந்தார்கள். மகள் ஜெயபிரியாவுக்கு அப்போது இரண்டரை வயது. கூட்டத்தில் எவனோ இடித்ததில் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி அடுப்பிலிருந்து சரிந்தது. பிள்ளை கீழே நின்றிருந்தது. பிரகாசி பாய்ந்து பிள்ளையை நெஞ்சோடு அமுக்கி, அதன் தலையை வலது கையால் மூடிக்கொண்டாள். பிள்ளை மேல் ஒரு சொட்டு விழவில்லை. பிரகாசியின் வலது கன்னம், கழுத்து, அந்தப் புறங்கை மூன்றும் வெந்துபோயின. ஆறிய பிறகு தழும்பு நின்றுவிட்டது. சிப்ஸ் கடையும் அத்தோடு நின்றது.

அன்றிலிருந்து அருளப்பன் எடுத்த அவள் படம் ஒவ்வொன்றிலும் அந்தத் தழும்பை அழித்தார். ஆசையாகத்தான் செய்தார், அதில் சந்தேகமே வேண்டாம். பிரகாசி படத்தை வாங்கிப் பார்ப்பாள், "நல்லாருக்கு" என்பாள், பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிடுவாள். ஆணி அடி என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இந்தத் தை மாதம் ஜெயபிரியாவுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் சிவகிரி. வாசலில் பெண்ணின் பெற்றோர் படத்தோடு பெரிய பேனர் வைத்தார் அருளப்பன். சிவகிரிக்காரர்கள் வேனை விட்டு இறங்கினார்கள், பேனரைப் பார்த்தார்கள், சந்தனக் கிண்ணத்தோடு நின்ற பிரகாசியிடமே வந்து கேட்டார்கள்:

"பொண்ணோட அம்மா எங்கம்மா? உள்ள இருக்காவளா?"

பிரகாசி சந்தனத்தைக் கொடுத்துவிட்டு, "உள்ள போங்க" என்றாள்.

தவக்காலம் தொடங்கியது, அந்த நாற்பது நாளும் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஈஸ்டர் முடிந்து மூன்றாம் வாரம் தேதி குறித்திருந்தார்கள். இதற்கிடையில் ஒருநாள் சோறு போடும்போது பிரகாசி சொன்னாள்: "கல்யாண பேனர்ல எம் படம் வேண்டாம். மீறி வச்சியன்னா நான் வாசல்ல நிக்க மாட்டேன். வாரவங்கள அந்தப் படத்துல உள்ள பொம்பளயே கூப்பிடட்டும்."

அருளப்பன் பாதிச் சோற்றில் கை கழுவினார். ஒரே மகள். தாய் வாசலில் நிற்காத கல்யாணம் என்ன கல்யாணம்? படத்தை இன்னும் கொஞ்சம் அழகாக்கினால் சம்மதிப்பாளோ என்றுகூட யோசித்தார். மனுஷனுக்குப் புத்தி போகிற திசையைப் பாருங்கள்.

அந்தச் சமயத்தில்தான் சாமியார் உயிர்ப்புப் பெருவிழாவுக்குக் கோயில் முகப்பில் வைக்கப் பேனர் கேட்டார். பதினைந்தடி உயரத்துக்கு ஆண்டவர், இரண்டு கையையும் விரித்தபடி. அருளப்பன் மூன்று நாள் உட்கார்ந்து வேலை பார்த்தார். சனிக்கிழமை முற்பகலில் ஏணியில் ஏறிக் கயிறு கட்டினார். கீழே பெண்கள் கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். பிரகாசியும் விளக்குமாறோடு வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்க, கையில காயம் எங்க?"

"எந்தக் காயம்?"

"ஆணி அடிச்ச காயம்."

அருளப்பன் ஏணியிலிருந்தே திரும்பிப் பார்த்தார். ஆண்டவரின் உள்ளங்கை இரண்டும் பச்சைப் பிள்ளையின் கைபோலப் பளபளவென்று இருந்தன. எப்போது அழித்தார் என்று அவருக்கே நினைவில்லை.

"கறை மாதிரி தெரிஞ்சிருக்கும். எடுத்துட்டேன்."

பிரகாசி ஏணிக்கு அடியில் வந்து நின்றாள். பிறகு கேட்டாள்:

"அவருக்கும் எடுத்துட்டியளா?"

பெருக்கிக்கொண்டிருந்த மற்ற பெண்கள் நிமிர்ந்தார்கள். பிரகாசி குரலை உயர்த்தவில்லை.

"செத்து எந்திரிச்சு வந்தவரு. அதையெல்லாம் தொடச்சுட்டு வரணும்னா அவரால முடியாதா? வச்சுக்கிட்டுத்தான வந்தாரு. கையக் காட்டித்தான நாந்தான்னு சொன்னாரு. காயமில்லாத கையோட வந்திருந்தா, நம்பாம நின்ன சீடரு தோமையாரு, நீரு யாருய்யான்னு கேட்டிருப்பாரு. நிச்சயத்துல என்னையக் கேட்டாவல்லா, அது மாதிரி."

சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பெருக்க ஆரம்பித்தாள்.

அருளப்பன் கட்டிய கயிற்றை அவிழ்த்தார். பிரிண்டிங் மெஷின் வைத்திருக்கிற பரீதுவிடம் ஓடினார். பரீது விஷயத்தைக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எடுக்கச் சொல்லித்தான் எல்லாரும் வருவாவ அண்ணாச்சி. காயத்தச் சேக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீருதான்."

சாயங்காலத்துக்குள் காயத்தோடு ஆண்டவர் மேலே ஏறிவிட்டார். சாமியாருக்கு எதுவும் தெரியாது. பேனர் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பூசை முடிந்ததும் அருளப்பன் நேராக ஸ்டுடியோவுக்குப் போய், நிச்சயத்தில் எடுத்த பிரகாசியின் படத்தைத் திறந்தார். கை வைக்காத அசல் படம். அந்தக் கன்னத்தை இத்தனை வருஷமும் அவர் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார், எல்லாம் அழிப்பதற்காக. பார்ப்பதற்கென்று இன்றுதான் பார்த்தார். கன்னத்திலிருந்து கழுத்துக்கு இறங்கிய தழும்பு. சந்தனக் கிண்ணத்தைப் பிடித்திருந்த வலது புறங்கை. இந்தக் கைதானே அன்றைக்குப் பிள்ளையின் தலை மேல் இருந்தது? இதையா இருபத்து நாலு வருஷமாக அழித்தோம் என்று நினைத்தார். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. கடையில் யாரும் இல்லாததால் அழுதார்.

கல்யாண பேனருக்கு அந்தப் படத்தை அப்படியே வைத்தார். பக்கத்தில் தன் படத்தையும் சேர்த்தார். பழக்க தோஷம், அதற்கு மட்டும் கை இரண்டு சுற்று வெளுப்பு கொடுத்துவிட்டது. பிரகாசியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் வெகுநேரம் திரையையே பார்த்தாள்.

"இதையா வைக்கப் போறிய?"

"இதத்தான்."

"சரி, வைங்க" என்றாள்.

கல்யாணத்தன்று மண்டபத்து வாசலில் பிரகாசி சந்தனக் கிண்ணத்தோடும், அருளப்பன் பன்னீர்ச் செம்போடும் நின்றார்கள். சிவகிரி பஸ் வந்தது. முதலில் இறங்கியது மாப்பிள்ளையின் அத்தை, நிச்சயத்துக்கு வராதவர். பேனரை அண்ணாந்து பார்த்தார். பிறகு வேறு யாரையும் கேட்காமல் நேரே பிரகாசியிடம் வந்து, அந்த வலது கையைப் பிடித்துக்கொண்டார்.

"மதினி, பொண்ணோட அம்மா நீங்கதான?"

"நாந்தான்" என்றாள் பிரகாசி. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அத்தை மறுபடியும் பேனரைப் பார்த்தார்.

"பொண்ணோட அப்பா எங்க, காணலயே?"

அருளப்பன் பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்தார்.