திட்டு வாங்காத பிள்ளை

எனக்கு வாய் நீளம். எங்கள் டவுன்ஷிப் ப்ளாக்கில் இது எல்லோருக்கும் தெரியும். நைட் ஷிஃப்ட் முடித்து நிலக்கரி மைன்ஸிலிருந்து வரும் பக்கத்து வீட்டுக்காரர், "அந்தம்மா பையன ஸ்கூலுக்குக் கெளப்பி முடிச்சாத்தான் நமக்குத் தூக்கம்" என்று என் காதில் விழும்படியே சொல்வார். என் மகனும் பழகிவிட்டிருந்தான். திட்டெல்லாம் முடிந்ததும் ஒன்றுமே நடக்காதது போல் வந்து, "பசிக்குது" என்று தட்டின் முன்னால் உட்காருவான்.

இந்த வாயை வைத்துக்கொண்டு, என் அண்ணன் மகளை ஒரு வருஷம் வளர்த்தேன். ஒரு அதட்டல்கூடப் போட்டதில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

குள்ளஞ்சாவடிப் பக்கம் அண்ணனுக்கு இருந்த முந்திரித் தோப்பு புயலில் வேரோடு சாய்ந்தது. அண்ணனும் அண்ணியும் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனார்கள். பெண்ணை அங்கே ஒற்றை அறையில் வைத்துப் பூட்டிவிட்டா போக முடியும்? என்னிடம் விட்டார்கள். அவளுக்கும் என் மகனுக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. புயலுக்கப்புறம் ஊரெல்லாம் கரண்ட் இல்லாமல் இருட்டில் கிடந்த அந்த நாட்களில், சொந்தக் கரண்ட் இருந்த எங்கள் டவுன்ஷிப்பில் மட்டும் விளக்கு எரிந்தது. பிள்ளை படிப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"அடுத்தவங்க புள்ள. ஒரு வார்த்த தடிச்சாலும் அத்தக்காரி கொடுமனு பேரு வந்துடும், பாத்துக்க" என்றார் என் வீட்டுக்காரர். அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். எனக்கும் அந்தப் பயம்தான்.

அதனால் மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு அவளுக்குப் போகும். சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவ வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்; ஷிஃப்ட் முடிந்து அலுத்து வரும் என் வீட்டுக்காரருக்கும் அதில் சலுகை கிடையாது. அவள் தட்டைத் தூக்கினால் மட்டும், "வை கண்ணு, அத்தை கழுவிக்கிறேன்" என்று வாங்கிவிடுவேன். அவள் கையில் ஒன்றுமில்லாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பாள்.

ஒருநாள் ஹாலில் பந்து விளையாடி ட்யூப் லைட்டை உடைத்தார்கள். நான் ஓடி வந்து என் மகன் தொடையில் நன்றாகக் கிள்ளினேன். "அறிவிருக்காடா ஒனக்கு?" என்று ஆரம்பித்து வழக்கமான பாட்டெல்லாம் பாடினேன். அவள் முன்னால் வந்து, "அத்தை, நாந்தான் எறிஞ்சேன்" என்றாள். "பரவால்ல கண்ணு, கண்ணாடி குத்திடும், தள்ளி நில்லு" என்றேன். மறுபடியும், கொஞ்சம் சத்தமாகவே, "நாந்தான் அத்தை" என்றாள். அண்ணன் மகளுக்கு எத்தனை நல்ல மனசு, என் பிள்ளையைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று பூரித்துப்போனேன். என் புத்தி அவ்வளவுதான்.

பரீட்சை முடிந்ததும் அண்ணன் வந்தார். "நமக்குள்ள பேசி என்ன, அதையே கேப்போம். இங்க இருக்கட்டும், இல்ல எங்கூட வந்துடட்டும்" என்றார். எனக்குச் சந்தேகமே இல்லை. தினமும் தலை பின்னிவிட்ட கை என்னுடையது. அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. இருக்கிறேன் என்றுதான் சொல்வாள்.

"நான் ஒங்கூடவே வரேம்பா" என்றாள்.

"ஏம்மா? அத்த எதுனா சொன்னாங்களா?"

"ஒண்ணுமே சொல்லல. இங்க யாருமே என்னத் திட்ட மாட்டேங்கிறாங்கப்பா."

சிரித்தோம். என் வீட்டுக்காரர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். "கேட்டியா கதைய!" என்று அண்ணன் தன் தொடையைத் தட்டிக்கொண்டார். எனக்கு உள்ளே சுருக்கென்றது. அதை மறைக்கத்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். என் மகன் மட்டும், "ஆமாம்மா, அவள நீ திட்டவே மாட்ட" என்றான். "நீ வாய மூட்ரா" என்றேன். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில், திருப்பூர் போக விருத்தாசலம் பஸ் ஏறி, அண்ணன் பக்கத்தில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. இத்தனை செய்தும் போகிறாளே என்ற கோபம். பக்கத்தில் இன்னொரு பஸ் உரசுவது போல் வந்து திரும்பியது. இவள் டாட்டா காட்டக் கையை முழுசாக வெளியே நீட்டியிருந்தாள்.

"ஏய்! கைய உள்ள எடுடி! அறிவிருக்கா ஒனக்கு?"

சட்டென்று கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் அப்படியொரு சிரிப்பு. அந்த வருஷம் முழுக்க நான் பார்க்காத சிரிப்பு. "அத்தை, லீவுக்கு வரட்டுமா?" என்று கத்தினாள். நான் தலையாட்டுவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. முந்தின நாள் நாங்கள் சிரித்துத் தள்ளிய பதில் அப்போதுதான் என் காதில் ஏறியது.

அடுத்த லீவுக்குச் சொன்னபடி வந்தாள். வளர்ந்திருந்தாள். வாயாடியாகியிருந்தாள். வந்த அன்றே என் மகனோடு சண்டை போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் அவன் எழுந்து தன் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். அவளும் தன் தட்டை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனாள்.

"வை கண்ணு, அத்தை கழுவிக்கிறேன்" என்றேன், என்னை அறியாமலே.

அவள் தட்டை வைத்துவிட்டாள். பழையபடி கையில் ஒன்றுமில்லாமல் அங்கேயே நின்றாள்.