ஊசிக்குருவி வாய் திறந்தபோது

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் பறவைக் கணக்கெடுக்கிற அலுவலகத்தில் அவர் காதுக்காரர்தான்.

புல்வெளியில் பறவை பார்ப்பது பெரிய வித்தையில்லை. அங்கங்கே ஒரு மரம், மிச்சமெல்லாம் வானம். கண் இருந்தால் போதும், பருந்தும் கௌதாரியும் தானே வந்து அகப்படும். மழைக்காடு அப்படியா? பகலிலேயே கிணற்றுக்குள் நிற்கிற மாதிரி இருட்டு. இலைக்கு மேல் இலை. ஒரு பறவையும் முகம் காட்டாது. குறித்த இடத்தில் போய் நின்று, கண்ணை மூடிக் காதைத் திறந்துவைக்க வேண்டும். இவர் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, கூட வருகிற அதிகாரியம்மா எழுதிக்கொள்வார். காதில் விழாத பறவை அந்தக் காட்டில் இல்லாத பறவை. அந்த வேலைக்கு அதுதான் சட்டம்.

எல்லாவற்றிலும் அவருக்குச் செல்லம் ஊசிக்குருவி. கட்டைவிரல் பருமன்தான் இருக்கும், உச்சிக்கிளையை விட்டு இறங்காது, குரல் ஊசி போல அத்தனை மெல்லிசு, அத்தனை உச்சம். கல்யாணமான புதிதில் மனைவியைக் கூட்டிப்போய் அதைக் கேட்கவைத்தார்.

"இதுக்கா என்னை இவ்ளோ தூரம் நடக்க வெச்சீங்க? நம்ம வீட்டுக் கதவு இதைவிட நல்லாப் பாடுமே!" என்றாள் அவள்.

அந்தக் குருவி வரவரக் குறைந்தது. பிறகு ஒரு மழைக்காலத்தில் ஒன்றுகூட இல்லை. பழைய இடங்களிலெல்லாம் போய் நின்று பார்த்தார். ம்ஹூம்.

"போயிடுச்சு மேடம். இல்லைன்னு எழுதிக்கோங்க."

"நல்லாக் கேட்டீங்களாண்ணா? வேற யாரையாவது ஒருதடவை..."

"என் காதைவிடவா?"

அதற்கு மேல் யார் பேசுவார்கள்? எழுதியாகிவிட்டது. அந்தக் குருவிக்காகத்தான் அந்தப் பக்கத்துக் காட்டை வெட்டாமல் விட்டிருந்தார்கள். குருவியே இல்லாத இடத்தில் மரம் எதற்கு என்று சாலை போடுகிறவர்கள் வந்து, வெட்ட வேண்டிய மரங்களுக்குச் சிவப்பு பூசத் தொடங்கினார்கள்.

அவர் சோற்றைத் தொடாமல் படுத்தே கிடந்தார்.

"ஏங்க, செத்தது குருவியா, கூடப்பிறந்தவங்களா? இப்படித் துக்கம் காக்கறீங்க!" என்று மனைவி சத்தம் போட்டாள். "முதல்ல அந்தக் கடிகாரத்தை அமுக்குங்க. எப்ப இருந்து கீகீன்னு கத்திக்கிட்டு இருக்கு."

"எந்தக் கடிகாரம்டி?"

"நடிக்காதீங்க. எழுந்திருக்க உடம்பு வணங்கலைன்னு சொல்லுங்க." அவளே வந்து அமுக்கிவிட்டுப் போனாள்.

அதற்கடுத்த முறை காட்டுக்குப் போனபோது அதிகாரியம்மா வரவில்லை, புது டிரைவர் ஒருவன்தான் வந்திருந்தான். வண்டியில் தனியே உட்காரப் பயந்துகொண்டு இவர் பின்னாலேயே வந்தவன், கொஞ்ச நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டான்.

"என்னண்ணே இது, எண்ணெய் போடாத தையல் மெஷின் மாதிரி? தலைக்கு மேல கீச்சு கீச்சுன்னு உயிரை வாங்குது!"

"எங்கே தம்பி?"

"அதோ, அந்தச் சிவப்பு பூசின மரத்து உச்சியில. உங்களுக்குக் கேக்கலையா? உங்களைப் போய்க் காதுக்காரர்ங்கறாங்களே!" என்று சிரித்தான்.

அவர் பைனாகுலரை உயர்த்தினார். ஊசிக்குருவி. கழுத்து துடிக்கத் துடிக்க வாயைத் திறந்தது, மூடியது, திறந்தது. சத்தம் இல்லை. புறா முனகுவது கேட்டது, பெரிய பறவை ஒன்று இறக்கை அடித்துப் போவது கேட்டது. தலைக்கு மேல் அது மட்டும் ஊமையாகப் பாடிக்கொண்டிருந்தது.

அவர் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். டிரைவருக்கு அது குருவியா வண்டா என்றுகூடத் தெரியாது. சொன்னால் மரம் பிழைக்கும், காட்டுக்குள் இவருக்கு இருந்த இடம் போய்விடும். அலுவலகம் வந்ததும் வண்டியிலிருந்து இறங்கினார். நேரே அதிகாரியம்மாவிடம் போய் நின்றார்.

"ஊசிக்குருவி இருக்கு மேடம். எழுதினதை அடிச்சிடுங்க. குருவி எங்கேயும் போகலை, என் காதுதான் போயிடுச்சு."

அந்த அம்மா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "மத்ததெல்லாம் கேக்குதேண்ணா?"

"மத்ததுல எது கேக்கலைன்னு எனக்கு எப்படி மேடம் தெரியும்?"

அதற்குள் ஒரு வரிசை மரம் விழுந்துவிட்டது. மிச்சம் நின்றது. அவரைப் புல்வெளிக்கு மாற்றினார்கள். அங்கே கண் போதும். அங்கேயும் எல்லோரும் பழக்கத்தில் காதுக்காரரே என்றுதான் கூப்பிட்டார்கள், அவரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் மனைவி திட்டுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. ஒருநாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து போய்க் கடிகாரத்தின் தலையைத் தொட்டுவிட்டு வந்தாள்.

"கத்துச்சா?" என்றார்.

"இல்லைங்க," என்றாள் அவர் முகத்தைப் பார்க்காமல். "தூசியா இருந்துச்சு. துடைச்சேன்."