எனக்குப் பின்னால் நின்ற கோல்கீப்பர்

முப்பத்தேழு வயது வரை நான் ஹாக்கியில் ஃபுல் பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். ஆபீஸ் அணிக்காக ஆடினேன். அதற்காகத்தான் ஆபீஸ் எனக்கு வேலையே கொடுத்தது. ஃபுல் பேக்கின் தொழில் யாரையும் நம்பாமலிருப்பது. பந்தோடு வருகிறவன் கண்ணால் ஒரு பக்கம் காட்டுவான், தோளால் இன்னொரு பக்கம் காட்டுவான். இரண்டும் பொய். இடுப்பைத்தான் பார்க்க வேண்டும். இடுப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது.

ஆட்டத்தை விட்டுப் பதினாறு வருஷமாகிறது, புத்தி மட்டும் விட்டுப் போகவில்லை. செம்பூர் மார்க்கெட்டில் காய்காரர் தராசைத் தூக்கினால் நான் அவர் விரலைப் பார்ப்பேன். போன மாதம் டாக்டர் என் வலது முழங்காலை மாற்ற வேண்டும் என்றபோது, அந்த எக்ஸ்ரே என்னுடையதுதானா என்று கேட்டேன். அவர் சிரித்தார். சிரித்ததால் சந்தேகம் கூடியது. சயானில் ஒருவர், தாணேயில் ஒருவர் என்று இன்னும் இரண்டு பேரிடம் காட்டினேன். அவர்களும் அதையேதான் சொன்னார்கள். மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டார்களோ என்று வீட்டில் வந்து சொன்னேன்.

"ஆமா, ஒங்க ஒத்த முட்டிய நம்பித்தான் பம்பாய்ல மூணு ஆஸ்பத்திரி ஓடுது" என்றாள் மனைவி.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று முடிவானது. அதற்கு முந்தைய வாரம் ஒரு போன் வந்தது. பதினாறு வருஷமாக நான் பேசாமலிருந்த எங்கள் கோல்கீப்பர். "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அவன் வீட்டார் கடையநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம்கள், தாராவியில் தோல் பட்டறை வைத்திருந்தார்கள். நாங்கள் நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவர்கள், அடுத்த சந்து. ஒரே மைதானத்தில் ஆடக் கற்றோம், ஒரே வருஷம் ஒரே ஆபீஸில் சேர்ந்தோம். எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தால் நாங்கள் ஐந்து பேர் கோலுக்குள் நிற்போம். அவர்கள் ஓரத்திலிருந்து பந்தைத் தள்ளியதும் முதலில் பாய்ந்து, அடிக்கப்போகிறவன் முன்னால் போய் விழ வேண்டியவன் நான். எந்தப் பக்கமாக ஓட வேண்டும் என்பதை அவன் பின்னாலிருந்து கிளவுஸால் என் தோளில் தட்டிச் சொல்வான். இடது தோளில் தட்டினால் இடது, வலது தோளில் தட்டினால் வலது. பன்னிரண்டு வருஷம் அந்தத் தட்டை நம்பி ஓடினேன். மைதானத்தில் நான் நம்பியது அது ஒன்றைத்தான்.

கடைசி இரண்டு வருஷம் முழங்கால் கெட்டுப்போனது. மாட்டுங்காவில் ஒரு டாக்டரிடம் திருட்டுத்தனமாக ஊசி போட்டுக்கொண்டு ஆடினேன். விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், என் மனைவியும் அவனும். அகில இந்தியப் போட்டிக்கு ரயிலேற இரண்டு நாள் இருந்தபோது டீம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஊசி சமாசாரம் தெரியும் என்றார். பட்டியலில் என் பெயர் இல்லை. அதன்பின் நான் ஆடவே இல்லை. ரெக்கார்டு செக்‌ஷனில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

யார் சொன்னது? என் மனைவிக்கு மேனேஜரின் முகம்கூடத் தெரியாது. மீதி அவன்தான். மேனேஜர் என்னைக் கூப்பிட்டதற்கு முந்தின நாள் அவர் அறையிலிருந்து அவன் வெளியே வந்ததைப் பார்த்தேன். என் பெயர் போன மறுநாள் கேன்டீனில் தட்டைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான்கு மாதத்தில் அவனுக்கு ப்ரமோஷனும் வந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நான் சண்டை போடவில்லை, பேச்சை நிறுத்திக்கொண்டேன். அவன் விக்ரோலிக்குக் குடிபோனான். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பினான், போகவில்லை. அவன் வாப்பா மவுத்தான செய்தி வந்தது, அதற்கும் போகவில்லை. சின்ன வயதில் எனக்கு முதல் ஹாக்கி மட்டை வாங்கித் தந்த மனுஷன் அவர். போகாதது தப்பென்று அன்றைக்கே தெரியும்.

ஞாயிறு காலை வந்தான். தாடி முழுக்க வெளுத்திருந்தது. வெறுங்கையோடு வந்திருந்தான், அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. சமாதானத்துக்கு வருகிறவன் ஒரு ஸ்வீட் பாக்ஸாவது கொண்டு வருவான்.

"உள்ள வாங்கண்ணே" என்று மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

மழை, லோக்கல் ரயில், அவன் சர்க்கரை, என் முழங்கால் ஆபரேஷன் என்று கொஞ்ச நேரம் பேசினோம். பொய் சொன்னால் பிடித்துவிட வேண்டும் என்று அவனையே பார்த்துக்கொண்டு திடீரென்று கேட்டேன்.

"மேனேஜர்ட்ட யாருலே சொன்னது?"

"நாந்தாம்லே" என்றான்.

மறுத்தால் என்ன கேட்பதென்று பதினாறு வருஷமாக யோசித்து வைத்திருந்தேன். ஒப்புக்கொண்டால் என்ன சொல்வதென்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"லீக் செமிஃபைனல்ல, பெனால்டி கார்னருக்கு நீ ரெண்டடி லேட்டாப் போன" என்றான். "பந்து ஒங் காதோரமாப் போச்சு. நீ பாக்கல, பின்னால நின்ன நாம் பாத்தேன். அடுத்தது மண்டையிலதான் விழுந்திருக்கும். ஆடாதன்னு சொன்னா கேட்டிருப்பியா?"

"கேட்டிருக்க மாட்டேன். ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுல்லா போயிருக்கணும்."

"போயிருக்கணும். அது எந் தப்புதான். மறுநா கேன்டீன்ல நீ கேப்பன்னு நின்னேன். கேட்டிருந்தா அங்கயே சொல்லிருப்பேன். நீ தட்டத் தூக்கிட்டு வேற டேபிளுக்குப் போயிட்ட."

என் சந்தேகத்தில் ஒரு பிழையும் இல்லை. சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தேன். அந்தச் சரியை வைத்துக்கொண்டுதான் அவன் வாப்பாவின் அடக்கத்துக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அவன் முன்னாலேயே அழுதுவிட்டேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சாயா குடித்துவிட்டு எழுந்தான். "வெள்ளிக்கெழம ஜும்மா முடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்கு வாரேன்" என்றான்.

சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறானோ என்று தோன்றியது. வழக்கமாக இதை மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். செருப்பை மாட்டக் குனிந்தவனிடம், "நெசமா வருவியாலே?" என்று கேட்டேன்.

"வருவேம்லே" என்றான்.

கேட்டுப் பதில் வாங்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.