பாஸ்போர்ட் காலையிலேயே கிளம்பிவிட்டது

திருச்சி விமான நிலையத்துக்கு வாடகைக் கார் ஓட்டுகிறவன் ரோட்டுக்கு மட்டுமல்ல, ஆகாயத்துக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். சொந்தக்காரர்களை வழியனுப்பப் போய் வேர்த்து விறுவிறுத்த உங்களுக்கு என் பாடு புரியும்.

மேலே ரோடு எப்படி?

மன்னார்குடிப் பக்கத்து வசந்தாவுக்கு மகள் சிங்கப்பூரில். தலைப்பிரசவம், எந்த நேரமும் வலி எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புதன்கிழமை விமானத்தை விட்டால் அடுத்த டிக்கெட் ஞாயிற்றுக்கிழமைதான். வண்டி பேச வந்த அன்றே, "எவ்வளவு தூரம்ண்ணே?" என்று கேட்டாள்.

"திருச்சியிலேருந்து மூவாயிரம் கிலோமீட்டர். நாலு மணி நேரம்."

"நம்ம ஊர்லேருந்து திருச்சிக்கே மூணு மணி நேரம் ஆவுதேண்ணே?"

"மேல வேகத்தடை கிடையாது தங்கச்சி. ரோட்ல நெல்லும் காயப்போட மாட்டாங்க" என்று அளந்துவிட்டேன்.

வசந்தா முகம் வாடிவிட்டது. "அப்ப அவங்க நெல்லை எங்கதாண்ணே காயவைப்பாங்க, பாவம்?"

முன்னால் போன பை

புதன் மத்தியானம் பன்னிரண்டுக்குக் கிளம்ப வேண்டும். அப்போதிருந்து ஒன்றரை வரைக்கும் ராகுகாலம். அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. காலையில் நல்ல நேரத்தில் ஒரு பையை எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், ஆளே புறப்பட்டுவிட்டதாக அர்த்தம். அப்புறம் எப்போது வேண்டுமானாலும் பையை எடுத்துக்கொண்டு போகலாம்.

வசந்தாவின் வீட்டுக்காரர் ராசு அப்படியே செய்திருந்தார். நான் போய் ஹாரன் அடித்தபோது எதிர்வீட்டில் பூட்டுத் தொங்கியது. அந்த வீட்டுச் செல்லம் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு நடவுக்குப் போய்விட்டாள். "பையில என்னப்பா இருக்கு?" என்றேன். ராசு பூட்டை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "பாஸ்போர்ட்டு காலையிலேயே கிளம்பிடுச்சுண்ணே. வசந்தாதான் இன்னும் கிளம்பலை."

ஒன்றரை வரைக்கும்

மூவரும் காரிலேயே வயலுக்கு ஓடினோம். வாய்க்கால் கரை என் காரைவிட ஒடுக்கம். ஒரு சக்கரம் தண்ணீர்மேலேயே உருண்டு வந்தது, நம்பாவிட்டால் போங்கள். செல்லம் முழங்கால் சேற்றோடு என் புது சீட்டில் ஏறி உட்கார்ந்தாள், வந்து பூட்டைத் திறந்தாள், பையைக் கொடுத்தாள்.

அப்போதுதான் ராசு வாட்சைப் பார்த்தார். "வயல் வரைக்கும் போயிட்டு வீட்டுக்குத் திரும்பிட்டமே, காலையில வச்சது இனிமே செல்லுமா? ஒன்றரை கழியட்டுமே" என்று இழுத்தார்.

வசந்தா பையைப் பிடுங்கிக்கொண்டு காரில் ஏறினாள். "பொறக்கப்போறதை ஒன்றரை வரைக்கும் இருன்னா இருக்குமா? நீங்க வேணா ஒக்காந்துட்டு மெதுவா வாங்க!"

ஆறரை மணி நேரம்

வடுவூர் ஏரிப் பறவைகள் எங்களோடு பறந்து பார்த்துத் தோற்றன. தஞ்சாவூரில் பெரிய கோயில் நந்தி கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. திருச்சியில் கவுண்டரை மூடப்போகும் நேரத்தில் வசந்தா உள்ளே ஓடினாள்.

மறுநாள் காலையில் போன். பெண் குழந்தை. வசந்தா போய் மகள் கையைப் பிடித்த பிறகுதான் பிறந்ததாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளோ சண்டைக்கு வந்தாள். சிங்கப்பூர்க் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவது அவளுக்குத் தெரியாது. "நாலு மணி நேரம்னு புளுகினீங்களேண்ணே, இங்க கடிகாரத்துல ஆறரை மணி நேரம் ஆயிருக்கு! நல்லவேளை, எம் பேத்தி உங்க பேச்சை நம்பாம எனக்காகக் காத்திருந்தா!"

அன்றிலிருந்து யார் கேட்டாலும் ஆறரை மணி நேரம் என்றே சொல்கிறேன். என்னைப் போல் உண்மை பேசுகிற டிரைவர் டெல்டாவிலேயே இல்லை என்று பெயர் வந்துவிட்டது.